பி.எஸ்.5 வாங்கினா வீட்ல எல்லாருக்கும் ஆகுமா, பையனுக்கு மட்டும்தானா?

வடசேரிக்காரி | 14 செப்டம்பர் 2025, இரவு 8:52

துபாயில இருக்கிற அண்ணன் தீபாவளிக்கு வரும்போது சோனியோட பி.எஸ்.5 (பிளேஸ்டேஷன் 5) கொண்டு வாறேன்னு நிக்கான். "இது வெறும் கேம் பெட்டி இல்ல. ஓடிடி ஓடும், டிஸ்க் ஓடும், பாட்டு கேட்கலாம், கல்யாண வீடியோவ பென் டிரைவ்ல போட்டுப் பார்க்கலாம், செட்டாப் பாக்ஸையே தூக்கி வச்சிரலாம்"னு சொல்லுகான். வீட்ல ஆறு பேர். மாமனாருக்கு செய்தியும் பழைய பாட்டும். மாமியாருக்கு சீரியல், தமிழும் மலையாளமும். பையன் எட்டாவது, பொண்ணு மூணாவது. அவன் சொல்லுறதுல எவ்வளவு உள்ளது?

தோவாளைக்காரன் | 14 செப்டம்பர், இரவு 9:30

அஞ்சுல ரெண்டு சரி, ஒண்ணு பாதி, ரெண்டு தப்பு.

ஓடிடி சரி. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ, யூடியூப் எல்லாம் நல்லா ஓடும். நம்ம ஊர் செயலிகளுக்கு மட்டும் இணையத்துல கிடைக்கிற பட்டியலை நம்பாதீங்க, அது மாறிக்கிட்டே இருக்கும். அண்ணனோட நண்பர் யார்கிட்டயாவது பி.எஸ்.5 இருந்தா, இந்தியக் கணக்குல நுழைஞ்சு கடையில செயலிப் பேரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்க. மாமியார் பார்க்கிற சேனல் எந்தச் செயலியில வருதோ அது அங்க இருக்கணும், அவ்வளவுதான்.

டிஸ்க் சரி, டிரைவ் உள்ள மாடலா இருந்தா. டிஜிட்டல் எடிஷன் வாங்கிட்டு வந்தா டிஸ்க் கிடையாது. இப்போ வர்ற ஒல்லி (ஸ்லிம்) மாடல்ல டிரைவைத் தனியா வாங்கி மாட்டலாம். ஆனா முதல் தடவை மாட்டும்போது இணையம் வேணும், அது இல்லாம டிரைவை ஏத்துக்காது.

பாட்டு பாதி. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் உண்டு. ஆடியோ சி.டி. கிடையாது. பி.எஸ்.4ல இருந்தே சோனி சி.டி.யை விட்டாச்சு.

பென் டிரைவ் கல்யாண வீடியோ தப்பு. பி.எஸ்.4ல மீடியா பிளேயர்னு ஒரு செயலி இருந்தது, யு.எஸ்.பி.யில இருந்து வீடியோ, போட்டோ எல்லாம் திறக்கும். பி.எஸ்.5ல அந்தச் செயலி இல்ல. பென் டிரைவைச் செருகினாலும் அதுல இருக்கிற கல்யாண வீடியோ ஓடாது.

செட்டாப் பாக்ஸை எடுக்கிறது எல்லாத்திலும் பெரிய தப்பு. பி.எஸ்.5க்குச் சேனல் பிடிக்கிற டியூனரும் இல்ல, வேற பெட்டியோட படத்தை எச்.டி.எம்.ஐ. வயர்ல உள்வாங்குற வழியும் இல்ல. 2013ல வந்த மைக்ரோசாஃப்டோட கேம் பெட்டி (கன்சோல்) எக்ஸ்பாக்ஸ் ஒன்ல பின்னாடி ஒரு எச்.டி.எம்.ஐ. உள்வழி வச்சு, செட்டாப் பாக்ஸைக் கன்சோல் வழியாவே ஓட்டப் பார்த்தாங்க. 2020ல வந்த சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ரெண்டுலயும் அதை எடுத்துட்டாங்க. மாமியார் சீரியல் செட்டாப் பாக்ஸ்லயே நிக்கட்டும்.

வசதிப் பட்டியலைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. காலையில பதினோரு மணிக்குப் பையன் பள்ளிக்கூடத்துல இருக்கும்போது, உங்க மாமனார் தனியா டிவியைப் போட்டு ஒரு பாட்டு வரைக்கும் போய்ச் சேர முடியுதா? முடிஞ்சா அது வீட்டுப் பொருள். இல்லன்னா அது பையன் சாமான்.

முட்டம் மக்கா | 14 செப்டம்பர், இரவு 10:04

பையன் பள்ளிக்கூடம் போனபிறகு பாட்டா (தாத்தா) கன்ட்ரோலரைக் கையில எடுத்தா, பாட்டு வராது ஓய். பையன் சேமிச்சு வச்ச கேம் போயிரும்.

தோவாளைக்காரன் | 15 செப்டம்பர், காலை 6:40

அதுக்குத்தான் கன்ட்ரோலரை அவர் கையிலயே கொடுக்கக்கூடாது. டிவி ரிமோட்டே போதும். பலருக்கும் இது தெரியாது.

பி.எஸ்.5ல செட்டிங்ஸ், சிஸ்டம், எச்.டி.எம்.ஐ. அங்க 'எனேபிள் எச்.டி.எம்.ஐ. டிவைஸ் லிங்க்' ஆன். அதுக்குக் கீழ இருக்கிற 'ஒன் டச் பிளே', 'பவர் ஆஃப் லிங்க்' ரெண்டும் ஆன். டிவியிலயும் இதே வசதியைத் திறக்கணும். சாம்சங்ல அதுக்குப் பேர் எனிநெட் பிளஸ், எல்ஜியில சிம்பிளிங்க், சோனியில பிராவியா சிங்க். ஒரு பக்கம் மட்டும் திறந்தா ஒண்ணும் நடக்காது. வேலை செய்யலேன்னு சொல்லுற பாதிப் பேர் டிவி பக்கத்தைத் தொட்டிருக்கவே மாட்டாங்க.

இதைச் செஞ்சதும் கன்ட்ரோலர் நடுவுல இருக்கிற பி.எஸ். பட்டனை ஒரு தடவை அழுத்தினா கன்சோலும் டிவியும் சேர்ந்து எழும்பும், டிவி தானா அந்த எச்.டி.எம்.ஐ.க்கு மாறும். அதோட கன்ட்ரோலரை அலமாரியில வச்சிரலாம். டிவி ரிமோட்டின் அம்புக்குறி, ஓகே, பேக் வச்சே யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் எல்லாத்துலயும் நடக்கலாம். டிவியை அணைச்சா கன்சோலும் ஓய்வு நிலைக்குப் போயிரும்.

ஒரு இடத்துல மாட்டும். டிவியை அணைக்காம, ரிமோட்ல உள்ளீட்டை மட்டும் கேபிளுக்கு மாத்தினா கன்சோலுக்கு அது தெரியாது. அது பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கும். சிஸ்டம், பவர் சேவிங்ல 'மீடியா ஓடும்போது', 'கேம் ஓடும்போது'ன்னு ரெண்டு நேரக் கணக்கு தனித்தனியா இருக்கு. ரெண்டையும் குறைச்சு வைங்க.

இன்னொண்ணு, 'வீடு'ன்னு பொதுவா ஒரு பயனர் உண்டாக்கி, தானா நுழையுற வசதியை அதுக்கு வைங்க. பையன் கணக்குக்கு நாலு எண் கடவுக்குறி. பாட்டா எதை அழுத்தினாலும் பையன் சேமிச்சு வச்ச கேமுக்கு ஒண்ணும் ஆகாது.

கருங்கல் கேபிள் | 15 செப்டம்பர், காலை 9:15

மேல சொன்னதுக்கு ஒரு சேர்ப்பு. டிவி, சவுண்ட்பார், செட்டாப் பாக்ஸ் மூணுலயும் இந்த இணைப்பு திறந்திருந்தா ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கும். சீரியல் ஓடிக்கிட்டு இருக்கும்போது டிவி தானா பி.எஸ்.5க்குத் தாவும். செட்டாப் பாக்ஸ்ல மட்டும் அதை அணைச்சு வைங்க, சரியாயிரும்.

துபாய் சாமான்னு சொன்னதால மூணு விஷயம்.

அங்க விற்கிறது தட்டையான மூணு கால் உள்ள பெரிய பிளக். அதுக்கு மேல மல்டி அடாப்டர் போட்டு நம்ம சாக்கெட்ல செருகுறாங்க. அந்த அடாப்டர் தளர்ந்து உள்ளுக்குள்ள தீப்பொறி பறக்கும், பிளாஸ்டிக் பழுப்பாகும். அடாப்டரே வேண்டாம். பி.எஸ்.5 பின்னாடி போறது 8 வடிவத்துல ரெண்டு ஓட்டை உள்ள வயர், பழைய டேப் ரெக்கார்டருக்கு வரும்ல, அதே முனை. நம்ம ஊர் ரெண்டு பின் பிளக் உள்ள நல்ல வயர் ஒண்ணு வாங்கி மாத்திரலாம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ரெண்டுக்கும் அதே முனைதான். மின்னழுத்தம் அங்கயும் 230 வோல்ட்தான், அதுல பயமில்ல.

டிஸ்க் மண்டலம் வேற, அதாவது எந்த நாட்டு டிஸ்க் எந்தப் பெட்டியில ஓடும்னு போடுற பூட்டு. அமீரகத்துச் சாமானுக்கு டிவிடி மண்டலம் 2, புளூரே பி. இந்தியாவுக்கு டிவிடி 5, புளூரே சி. கேம் டிஸ்க்குக்கு மண்டலம் கிடையாது, 4கே புளூரேக்கும் கிடையாது. ஆனா 5னு பூட்டின இந்திய டிவிடி அந்தப் பெட்டியில ஓடாது. அட்டையில பூமி உருண்டை போட்டு 0 இல்லன்னா 'ஆல்'னு இருந்தா ஓடும்.

கணக்கு தொடங்கும்போது நாடு கேட்கும். அண்ணன் அங்கயே அமீரகம்னு போட்டுத் தொடங்கிட்டா அப்புறம் நாட்டை மாத்த முடியாது. கடை அந்த நாட்டுக் கடையா நிக்கும், நம்ம கார்டை எடுக்காது, நம்ம செயலிகள் வராது. பெட்டியைத் திறக்காமக் கொண்டு வரச் சொல்லுங்க. இங்க வந்து இந்தியக் கணக்கு தொடங்கலாம்.

தோவாளைக்காரன் | 15 செப்டம்பர், மாலை 5:20

நாட்டு விஷயம் முக்கியம். உத்தரவாதமும் வாங்கின நாட்டோட சரி, அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

வடசேரிக்காரி | 15 செப்டம்பர், இரவு 9:11

ரிமோட் விஷயம் கொள்ளாம், அதுவே பாதிப் பிரச்னை. அடுத்தது டிஸ்க். மாமனார்கிட்ட ஒரு டிரங்குப் பெட்டி நிறைய விசிடியும் டிவிடியும் கிடக்கு. வீட்டுக் கல்யாணம், திருவிழாக் கச்சேரி, படம் எல்லாம் கலந்து. இதெல்லாம் ஓடும்னுதான் அவருக்கு ஆசை காட்டியிருக்கான்.

தோவாளைக்காரன் | 16 செப்டம்பர், காலை 6:15

பெட்டியைத் திறந்து நாலாப் பிரிங்க.

கடையில வாங்கின படம், டிவிடி. மண்டலம் ஒத்து வந்தா ஓடும்.

ஸ்டுடியோக்காரர் எழுதிக் கொடுத்த கல்யாண டிவிடி. இதுக்கு மண்டலப் பூட்டு கிடையாது. கணினியில போட்டுத் திறந்தா VIDEO_TSனு ஒரு கோப்புறை இருக்கணும், டிஸ்க்கை 'ஃபைனலைஸ்' பண்ணியிருக்கணும். ரெண்டும் இருந்தா ஓடும். எழுதி முடிச்சு மூடாம விட்ட டிஸ்க், எழுதின இயந்திரத்துல மட்டும் ஓடும், மத்ததுல 'டிஸ்க் படிக்க முடியவில்லை'ன்னு வரும். இன்னமும் அந்த இயந்திரம் ஸ்டுடியோவுல இருந்தா அங்கயே மூடிக் கேளுங்க.

டிவிடியில வெறும் எம்.பி.4 கோப்பையோ, எம்.பி.3 பாட்டையோ அள்ளிப் போட்டது. கன்சோல்ல ஓடாது. பழைய டிவிடி பிளேயர் இதையெல்லாம் சும்மா வாசிக்கும், அதனாலதான் மாமனாருக்கு அது பெரிய ஏமாற்றமா இருக்கும்.

விசிடி. பி.எஸ்.4, பி.எஸ்.5, எக்ஸ்பாக்ஸ் எதுலயும் ஓடாது. மொத்தமா மறந்திருங்க. ஆனா இதைத்தான் முதல்ல காப்பாத்தணும், ஏன்னா எழுதின சி.டி. மேல்பூச்சு நம்ம ஈரக் காத்துல உரிஞ்சு போகும். உரிஞ்ச இடத்துல தகவலும் சேர்ந்து போயிரும்.

எடுக்கிற முறை: சி.டி. டிரைவ் உள்ள கணினி வேணும், யு.எஸ்.பி. டிவிடி டிரைவ் வெளியில மாட்டினாலும் சரி. டிஸ்க்கை மெல்லிய பருத்தித் துணியால நடுவுல இருந்து விளிம்புக்கு நேர்கோட்டுல துடைங்க. வட்டமாத் துடைச்சா கீறல் தடத்தோட ஓடும், படிக்கிற கண்ணுக்கு அது நீளமான ஓட்டையாத் தெரியும். உள்ள MPEGAVனு ஒரு கோப்புறை, அதுல AVSEQ01.DATனு ஒரு கோப்பு. அதை அப்படியே கணினிக்கு நகலெடுக்கணும். நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி., ஒரு மணி நேரக் கல்யாணம் 600 எம்.பி.யைக் கொஞ்சம் தாண்டும்.

நகல் பாதியில நின்னா பதறாதீங்க. சாதாரணத் தரவு சி.டி.யில ஒவ்வொரு பகுதிக்கும் பிழை திருத்தக் கூடுதல் தகவல் எழுதியிருக்கும். விசிடியில படத்துக்கு இடம் வேணும்னு அதை எடுத்துட்டாங்க. அதனால சின்னக் கீறலுக்கே விண்டோஸ் நகலை நிறுத்திரும். அந்த டிஸ்க்கை வி.எல்.சி.ங்கிற வீடியோ பிளேயர்ல நேரா ஓட்டி, ஓடும்போதே 'மாற்று, சேமி' வழியா கோப்பாக்குங்க. கெட்ட இடத்துல கட்டம் கட்டமா வந்துட்டு மேல போயிரும், முழுசும் போகாது. வேற டிரைவ்ல போட்டாலே சில டிஸ்க் பிழைக்கும்.

கிடைச்ச கோப்பை ஹேண்ட்பிரேக்ங்கிற மென்பொருள்ல எச்.264 (வீடியோவைச் சுருக்குற ஒரு முறை) எம்.பி.4 ஆக்கலாம். படத்தைப் பெருசாக்க வேண்டாம். அது 352க்கு 288 புள்ளிதான், 4கேன்னு போட்டா கோப்புதான் வீங்கும்.

முட்டம் மக்கா | 16 செப்டம்பர், காலை 7:02

இவ்வளவும் செஞ்சு எம்.பி.4 ஆக்கி, அதையும் பி.எஸ்.5 எடுக்காதுன்னா அந்தப் பெட்டி எதுக்கு மக்கா?

தோவாளைக்காரன் | 16 செப்டம்பர், மதியம் 1:30

நல்ல கேள்வி. அதுக்கு டிவியே போதும். 32 ஜி.பி. பென் டிரைவை ஃபேட்32ங்கிற கோப்பு முறையில ஃபார்மட் பண்ணி, டிவி பின்னாடி இருக்கிற யு.எஸ்.பி.யில செருகுங்க. ஃபேட்32 எல்லா டிவியும் படிக்கும், ஆனா 4 ஜி.பி.க்கு மேல ஒரே கோப்பை ஏத்துக்காது. விசிடியில இருந்து எடுத்தது அதுக்குள்ள அடங்கும். இப்போ ஸ்டுடியோ தர்ற கல்யாண வீடியோ ஒரே கோப்பா 10, 15 ஜி.பி. வரும், அதுக்கு எக்ஸ்ஃபேட் வேணும். 32 ஜி.பி.க்கு மேல உள்ள டிரைவுக்கு விண்டோஸ் ஃபார்மட் பெட்டி ஃபேட்32ன்னே காட்டாது, அதான் சின்ன டிரைவ் சொன்னது.

பழைய பி.எஸ்.4 யார் வீட்லயாவது தூங்கினா அது ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ரெண்டும் படிக்கும். என்.டி.எஃப்.எஸ். படிக்காது. எச்.265 கோப்பு ஓடாது, எச்.264தான். எக்ஸ்பாக்ஸ்ல கதை வேற, வி.எல்.சி. அதுல செயலியாவே கிடைக்கும், என்.டி.எஃப்.எஸ். டிரைவும் எடுக்கும்.

பி.எஸ்.5லயே பார்க்கணும்னு பிடிவாதம் இருந்தா ரெண்டு வழி. பழைய மடிக்கணினியில பிளெக்ஸ் சர்வர் (அதுல இருக்கிற வீடியோவை மத்த சாமானுக்கு அனுப்புற மென்பொருள்) போட்டு, பி.எஸ்.5ல பிளெக்ஸ் செயலி. வீட்டு வைஃபைக்குள்ள பார்க்க இலவசம், வெளியூர்ல இருந்து பார்க்கத்தான் இப்போ காசு. இல்லன்னா யூடியூப்ல 'அன்லிஸ்டட்'னு ஏத்தி, இணைப்பை வீட்டாருக்கு அனுப்புங்க. துபாய் அண்ணனும் பார்க்கலாம். கல்யாணத்துல போட்ட சினிமாப் பாட்டுக்குப் பதிப்புரிமைப் பிடி விழும், சில பாட்டுக்கு ஒலி போயிரும்.

கருங்கல் கேபிள் | 16 செப்டம்பர், இரவு 8:45

விசிடி எடுக்கிறதுக்கு முன்னாடி மாமனார்கிட்ட எது முதல்லன்னு கேளுங்க. நாம கல்யாணத்தை எடுப்போம், அவர் கச்சேரியைத்தான் கேட்பார்.

வடசேரிக்காரி | 17 செப்டம்பர், இரவு 9:25

கேட்டேன். கச்சேரிதான்.

கரண்ட் பில்லு என்ன ஆகும்? நாள் முழுக்க யூடியூப் ஓடும் எங்க வீட்ல.

தோவாளைக்காரன் | 17 செப்டம்பர், இரவு 10:10

பி.எஸ்.5 கேம் ஓடும்போது 200 வாட் பக்கம் இழுக்கும். வீடியோ மட்டும்னா 50 முதல் 70. யூடியூப் பாட்டு கேட்க பி.எஸ்.5 ஓட்டுறது, ஒரு முறி தேங்காய்க்குக் கிரைண்டர் போடுறது மாதிரி.

கணக்குப் போடுங்க: 60 வாட், ஒரு நாளைக்கு 4 மணி நேரம், ரெண்டு மாசம். 240 மணி நேரம், 14.4 யூனிட். இதே வேலையை டிவியில செருகுற ஸ்டிக் 5 வாட்டுக்குள்ள முடிக்கும், அது 1.2 யூனிட். 14 யூனிட் பெரிய காசில்ல. ஆனா உங்க வீடு ரெண்டு மாசத்துக்கு 490 யூனிட்ல நிக்குதுன்னா அந்த 14 உங்களை 500க்கு மேல தள்ளும். தள்ளினா கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் இல்ல, 101ஆவது யூனிட்ல இருந்தே விலைப்பட்டியல் மாறும். மின்கட்டண அட்டையை ஒருக்கா எடுத்துப் பாருங்க.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் இதுல சிக்கனம். வீடியோவுக்கு 30 வாட் பக்கம்தான்.

தோவாளைக்காரன் | 17 செப்டம்பர், இரவு 10:38

விட்டுப்போனது, இடி. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. சித்திரை சாயங்கால இடியும் ஐப்பசி இடியும்தான் சாமானைத் தின்னும். பிளக்கைப் பிடுங்கினாப் போதும்னு நினைக்கக்கூடாது. கேபிள் டிவியின் செம்பு வயர் செட்டாப் பாக்ஸுக்கு வருது, அங்க இருந்து எச்.டி.எம்.ஐ. வழியா டிவிக்கு, டிவியில இருந்து இன்னொரு எச்.டி.எம்.ஐ. வழியா கன்சோலுக்கு. கன்சோல் பிளக் வெளியில கிடந்தாலும் எச்.டி.எம்.ஐ. வாசல் கருகுறது இந்தப் பாதையிலதான். இடி தொடங்கினதும் செட்டாப் பாக்ஸ்ல திருகியிருக்கிற அந்தக் கேபிளையும் கழட்டணும். ஃபைபர் கண்ணாடி இழை, அது மின்சாரம் கடத்தாது. அந்தப் பெட்டியோட அடாப்டரைப் பிடுங்கினாப் போதும்.

பவர் கட்டுக்கு: சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ். 360 வாட்தான் தாங்கும். பி.எஸ்.5 கேம்ல 200, 43 அங்குல டிவி 80, வைஃபை 10. ஒட்டிக்கிட்டு நிக்கும். சில நிமிஷம் கிடைக்கும், ஒழுங்கா அணைக்கத்தான் அது, மீதி ஆட்டம் ஆட இல்ல. வீட்டு இன்வெர்ட்டர்ல போடுறதா இருந்தா சைன் வேவ் வகையா இருக்கணும், பின்னாடி இருக்கிற ஸ்விட்ச் யு.பி.எஸ். நிலையில இருக்கணும். மத்த நிலையில அது மாறுற இடைவெளியிலயே கன்சோல் அணைஞ்சிரும்.

முட்டம் மக்கா | 18 செப்டம்பர், காலை 6:50

கடற்கரைப் பக்கம் இடியை விட உப்புதான் எமன். யு.எஸ்.பி., எச்.டி.எம்.ஐ. முனையில பச்சையாப் படியும், படம் விட்டு விட்டு வரும். எல்லாரும் கேபிளை மாத்துறாங்க, அழுக்கு வாசல்ல இருக்கு. பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் விட்டு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு, மெல்லிய பிரஷ். தேங்காய் எண்ணெய், சமையலறை ஸ்பிரே எதுவும் கூடாது. பயன்படுத்தாத வாசலுக்கு ரப்பர் மூடி போடுங்க. ஜன்னலுக்கு நேரா வைக்காதீங்க. சுவருக்கும் கன்சோலுக்கும் நடுவுல 10 சென்டிமீட்டராவது இடம் விடணும்.

அழகுக்குப் பின்னல் துணி போட்டு மூடுற வீடும் உண்டு. டிவிக்குப் போடலாம், இதுக்குப் போட்டா மூச்சு முட்டும். சூடான பெட்டின்னா கரப்பானுக்கு அது மாமியார் வீடு. சமையலறைச் சுவர்ப் பக்கம் வைக்காதீங்க.

வடசேரிக்காரி | 18 செப்டம்பர், இரவு 8:30

"மாமியார் வீடு"ன்னு எங்க மாமியார் பக்கத்துல உட்கார்ந்து இருக்கும்போது படிச்சேன்.

தமிழ்ல தேடுறது எப்படி? கன்ட்ரோலர்ல ஒவ்வொரு எழுத்தாத் தட்டவா?

தோவாளைக்காரன் | 18 செப்டம்பர், இரவு 9:40

வேண்டாம். பி.எஸ்.5க்குத் தமிழ் முகப்பும் கிடையாது. கைபேசியைத்தான் விசைப்பலகை ஆக்கணும். டிவியில யூடியூப் திறந்து, அமைப்புகள்ல 'டிவி குறியீடு மூலம் இணை'. ஒரு நீள எண் காட்டும். கைபேசி யூடியூப்ல டிவிக்கு அனுப்புற குறியை அழுத்தி, அதே பேருள்ள வழியில அந்த எண்ணைப் போடுங்க. ஒரு தடவை போட்டா அப்புறம் பேரைத் தொட்டாப் போதும். மாமனார் கைபேசியில தமிழ்ல பேசித் தேடி, பாட்டைத் தொட்டா டிவியில ஓடும். அவருக்குப் புதுசாக் கத்துக்க வேண்டியது ஒரே ஒரு குறி.

ஆளுக்கொரு யூடியூப் கணக்கு போடுங்க. ஒரே கணக்கா இருந்தா ரெண்டு வாரத்துல மலையாள சீரியல், பிரசங்கம், சின்னவளோட பொம்மைப் பாட்டு, பையனோட கேம் வீடியோ எல்லாம் ஒரே பக்கத்துல குவியும். யாருக்கும் அவங்களுக்கு வேண்டியது கிடைக்காது. டிவி எங்களுக்குப் பிடிக்கலைன்னு வீட்ல பெரியவங்க சொல்லுறதுக்குப் பாதிக் காரணம் இந்தக் குவியல்தான்.

சந்தாவையும் பாருங்க. நெட்ஃபிளிக்ஸ்ல 149 ரூபாய் கைபேசித் திட்டம் டிவியிலயோ கன்சோல்லயோ ஓடாது. 199க்கு ஓடும், ஒரு திரை, 720பி. 4கே வேணும்னா 649 திட்டம். பெட்டி 4கேன்னா படமும் 4கேன்னு அர்த்தமில்ல. இணைய வேகம் 4கேக்கு 15 எம்.பி.பி.எஸ்., சாதாரண எச்.டி.க்கு 5 போதும். ஃபைபர் பெட்டி கூடத்துலயே இருந்தா வைஃபையை விட லேன் கேபிள் போட்டுருங்க.

கருங்கல் கேபிள் | 19 செப்டம்பர், மதியம் 12:05

ஒலி விஷயமும் சொல்லிருங்க. பெரியவருக்குக் காது மந்தம்னு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கி வந்து, பி.எஸ்.5ல சேரலேன்னு நிப்பாங்க. பி.எஸ்.5, எக்ஸ்பாக்ஸ் ரெண்டும் புளூடூத் ஹெட்ஃபோன், ஸ்பீக்கர் ஏத்துக்காது. டிவியோடதான் சேர்க்கணும். பழைய ஹோம் தியேட்டருக்கு ஆப்டிகல் வயர் போடணும்னாலும் டிவியில இருந்துதான், பி.எஸ்.5ல அந்த வாசல் கிடையாது.

தோவாளைக்காரன் | 19 செப்டம்பர், இரவு 9:00

ஆமா. கன்ட்ரோலர் அடியில சாதாரண 3.5 மி.மீ. இயர்ஃபோன் போடலாம், ராத்திரி யாரையும் எழுப்பாமப் படம் பார்க்க அது கொள்ளாம்.

வடசேரிக்காரி | 20 செப்டம்பர், காலை 10:15

அண்ணன் இன்னொரு ஆசையும் காட்டினான். பெரிய திரையில அவன்கூட வீடியோ கால் பேசலாமாம்.

தோவாளைக்காரன் | 20 செப்டம்பர், காலை 11:00

முடியாது. வாட்ஸ்அப் எந்தக் கன்சோல்லயும் இல்ல. அமீரகத்துல வாட்ஸ்அப் கால் அடைப்பு, அங்க இருக்கிறவங்க போட்டிம் மாதிரிச் செயலிதான். அதுவும் கன்சோல்ல கிடையாது. எக்ஸ்பாக்ஸ்ல ஸ்கைப் இருந்தது, 2025 மே மாசத்தோட ஸ்கைப்பையே மூடியாச்சு. பெரிய திரை வேணும்னா கைபேசித் திரையை டிவியில காட்டுற வசதி டிவிக்குள்ளயே இருக்கும், அதுல காட்டுங்க. கேமரா கைபேசியோடதுதான், அதை டிவிக்குப் பக்கத்துல நிறுத்தி வச்சாத்தான் அவனுக்கு உங்க முகம் தெரியும். கையில வச்சுக்கிட்டு டிவியைப் பார்த்தா அவன் உங்க காதைத்தான் பார்ப்பான்.

வளைகுடா வீடுகள்ல குடும்பம் முழுக்க டிவி முன்னாடி கூடுற ஒரே காரியம் இந்த ஃபோன்தான். அதை எந்தக் கன்சோலும் செய்யல.

முட்டம் மக்கா | 20 செப்டம்பர், மாலை 6:20

அப்போ குடும்பத்துக்குன்னு வந்த கன்சோல் எதுவுமே இல்லியா?

தோவாளைக்காரன் | 20 செப்டம்பர், இரவு 8:15

இருந்தது. 2000ல வந்த பி.எஸ்.2 டிவிடி பிளேயராவே பல வீட்ல வாழ்ந்தது. 2006ல பி.எஸ்.3 புளூரே, ஆடியோ சி.டி., பென் டிரைவ், போட்டோ எல்லாம் எடுத்துச்சு. அப்போ டிவி வெறும் கண்ணாடிப் பெட்டி, வேலையெல்லாம் கன்சோல் செஞ்சது. இப்போ டிவியே அந்த வேலையை எடுத்துக்கிட்டதால கன்சோல் கம்பெனிக்காரங்க ஒண்ணொண்ணாக் கழட்டுறாங்க. கடையில படம் விற்கிறதை சோனி 2021 ஆகஸ்ட்ல நிறுத்தினாங்க, மைக்ரோசாஃப்ட் 2025 ஜூலையில. நின்டெண்டோ ஸ்விட்ச்ல நெட்ஃபிளிக்ஸே வரல.

வடசேரிக்காரி | 21 செப்டம்பர், இரவு 9:05

சரி, வாங்கட்டும். பையனுக்குக் கேம், மத்தவங்களுக்கு டிஸ்க்கும் யூடியூப்பும். பூட்டு எப்படிப் போடணும்?

தோவாளைக்காரன் | 21 செப்டம்பர், இரவு 10:20

உங்க பேர்ல முதல் கணக்கு. பையன், பொண்ணு ரெண்டு பேருக்கும் உண்மையான பிறந்த தேதியில பிள்ளைக் கணக்கு. அப்பதான் நேர வரம்பு போட முடியும். நேரம் முடிஞ்சா 'அறிவிப்பு மட்டும்' அல்லது 'வெளியேற்று'ன்னு கேட்கும். அறிவிப்பு மட்டும்னு விட்டா அறிவிப்பு வந்துக்கிட்டே இருக்கும், அவன் ஆடிக்கிட்டே இருப்பான்.

எட்டாவது படிக்கிறவன் கண்டுபிடிக்கிற ஓட்டை ஒண்ணு உண்டு, புதுப் பயனர் உண்டாக்கி அதுல ஆடுறது. கட்டுப்பாடுகள்ல புதுப் பயனர், விருந்தினர் நுழைவு ரெண்டையும் 'அனுமதி இல்லை'. அதுக்கான கடவுக்குறி பெட்டியில வரும்போது 0000. அதை மாத்தாம எதைப் பூட்டினாலும் பூட்டல்ல. எக்ஸ்பாக்ஸா இருந்தா கைபேசியில ஃபேமிலி செட்டிங்ஸ் செயலி இருக்கு, நேரத்தை அங்க இருந்தே மாத்தலாம்.

அண்ணனுக்கு அனுப்ப வேண்டிய வரி: டிஸ்க் டிரைவ் உள்ள மாடல், பெட்டி திறக்காம, கணக்கு தொடங்காம. வயர் இங்க வாங்கிக்கலாம். மாமனாருக்குத் தனியா ஒரு ஸ்டிக் அதே டிவியில இன்னொரு எச்.டி.எம்.ஐ.ல. யூடியூப் பாட்டுக்கு அது போதும், ரிமோட்டும் சின்னது.

கருங்கல் கேபிள் | 22 செப்டம்பர், காலை 8:40

டிவியில எச்.டி.எம்.ஐ. மூணு இருக்கான்னு முதல்ல எண்ணிப் பார்க்கச் சொல்லுங்க. செட்டாப் பாக்ஸ், கன்சோல், ஸ்டிக். சின்ன டிவியில ரெண்டுதான் இருக்கும்.

தோவாளைக்காரன் | 22 செப்டம்பர், இரவு 9:10

ரெண்டுதான்னா ஸ்டிக் வேண்டாம், டிவி ஸ்மார்ட் டிவியா இருந்தா அதுலயே யூடியூப் போடுங்க.

படம் வெளிறித் தெரியுதுன்னு அடுத்து கேட்பாங்க, இப்பவே சொல்லிர்றேன். கன்சோலை மாட்டினதும் அந்த உள்ளீட்டுக்குப் பல டிவி 'கேம்' படமுறைக்குப் போகும். தாமதத்தைக் குறைக்க, படத்தை மெருகேத்துற வேலையையெல்லாம் டிவி விட்டுரும். டிஸ்க் பார்க்கும்போது 'சினிமா' இல்லன்னா 'ஃபிலிம்மேக்கர்' முறைக்கு மாத்துங்க. ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ.க்கும் தனித்தனி முறையை டிவி நினைவுல வச்சிருக்கும், அதனால செட்டாப் பாக்ஸ் பக்கம் மாத்தினது கன்சோல் பக்கம் வராது. பழைய டிவிடி 4:3 படம். டிவியில 'நீட்டு' போட்டு வச்சிருந்தா கச்சேரியில பாடுறவர் முகம் அகலமாத் தெரியும். 'அசல் அளவு'ன்னு வைங்க, ரெண்டு பக்கமும் கறுப்பு நிக்கும், அது சரிதான்.